குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல் யாருக்கு வரும்? குமரி மாவட்டக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பெருங்குடலிலோ மலக்குடலிலோ கேன்சர் என்று ரிசல்ட் வந்த நாளுக்கும் ஆபரேஷன் தேதிக்கும் நடுவில் பெரும்பாலும் சில வாரங்கள் கிடைக்கும். அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். அந்த வாரங்கள் எங்கள் பக்கம் எப்படிப் போகின்றன என்று எனக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரி, ஆசாரிப்பள்ளமா, நெய்யூரா, திருவனந்தபுரமா என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் பேசித் தீர்ப்பதற்குள் தேதி வந்துவிடும். நோயாளியோ சரியாகச் சாப்பிடாமல், கவலையில் பீடியைக் கூட்டி, மெலிந்து போய் வந்து படுப்பார். பிறகு வரக்கூடிய சிக்கல்களில் நிறைய அந்தச் சில வாரங்களிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. அதனால்தான் கீழே உள்ள பதில்களில் ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களைப் பற்றி அதிகமாக எழுதியிருக்கிறேன். உங்கள் டாக்டர் சொல்வது இதிலிருந்து மாறுபட்டால் அவர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் உடம்பைச் சோதித்துப் பார்த்தவர் அவர்.

சிக்கல் என்றால் என்னென்ன?

அடிக்கடி வருவது வெட்டிய காயத்தில் சீழ் பிடிப்பது. குடலுக்குள் கிருமிகள் அதிகம் என்பதால், தேதி குறித்துச் செய்யும் மற்ற பல ஆபரேஷன்களைவிட இதில் காயம் பழுக்கும் வாய்ப்பு கூடுதல். அடுத்தது குடல் சில நாட்கள் அசையாமல் கிடப்பது. வயிறு உப்பும், வாந்தி வரும், வாயு பிரியாது. நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வரலாம். காலில் ரத்தம் உறையலாம், சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், உள்ளே ரத்தம் கசியலாம். எல்லாவற்றிலும் பெரியது, தைத்துச் சேர்த்த குடல் விட்டுக் கசிவது.

இவற்றைத் தரம் பிரிக்க 2004 முதல் கிளாவியன்-டின்டோ என்ற அளவுகோலை உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். மருந்தோ சிறு கவனிப்போ போதும் என்றால் 1 அல்லது 2. மறுபடி ஒரு ஆபரேஷனோ குழாய் வைப்பதோ தேவைப்பட்டால் 3. ஐ.சி.யு.வுக்குப் போக வேண்டி வந்தால் 4. உயிரிழப்பு 5. வார்டில் நாங்கள் பார்க்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு தரத்துக்குள் அடங்கிவிடும்.

"லீக்" என்று டாக்டர்கள் பயப்படுகிறார்களே, அது என்ன?

கட்டி இருக்கும் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதி இரண்டு முனைகளையும் தையலாலோ ஸ்டேப்ளராலோ சேர்ப்பார்கள். அந்த இடம் ஆற நல்ல ரத்த ஓட்டம் வேண்டும், இழுப்பு இருக்கக் கூடாது. ஓரிடத்தில் ஆறாமல் வாய் விட்டால் மலம் வயிற்றுக்குள் ஒழுகும். பெருங்குடல் ஆபரேஷனில் இது 100 பேரில் ஏறத்தாழ 3 முதல் 6 பேருக்கு வருகிறது. மலக்குடலில், அதுவும் ஆசனவாய்க்குப் பக்கத்தில் இணைத்தால், 10 பேரில் ஒருவர் வரைகூடப் போகலாம்.

பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரத்தையொட்டித்தான் தெரியவரும். அதாவது, "நல்லா இருக்காரு, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று எல்லாரும் மூச்சு விடும் நேரத்தில். வலிதான் முதலில் வரும் என்று நினைக்காதீர்கள். முதலில் நாடித்துடிப்பு ஏறும். நேற்று வராந்தாவில் நடந்தவர் இன்று எழுந்திருக்க மாட்டேன் என்பார். சாப்பாட்டை ஒதுக்குவார், முகம் வாடியிருக்கும். அதற்குப் பிறகுதான் காய்ச்சலும் வயிற்று வலியும். வயிற்றுக்குள் சேரும் நீரை வெளியே வடிக்கும் டிரெயின் குழாய் வைத்திருந்தால் அதன் நிறத்தையும் பாருங்கள். முதல் ஓரிரு நாள் இளஞ்சிவப்பாக வடிந்து பிறகு வைக்கோல் நிறத்தில் தெளிந்தால் நல்லது. கலங்கலாகி, பழுப்பாகி, நாற்றம் அடித்தால் உடனே கூப்பிடுங்கள். ராத்திரி 2 மணியானாலும் கூப்பிடுங்கள். நர்ஸ் திட்டுவாள் என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்றாம், நான்காம் நாள் சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை எடுப்பதும் இதற்குத்தான். அது 150க்கு மேல் நின்றால் அல்லது இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் டாக்டர் சி.டி. ஸ்கேன் எழுதுவார்.

யாருக்குக் கசிவு ஆபத்து அதிகம்?

சிலவற்றை நாம் மாற்ற முடியாது. கட்டி எவ்வளவு கீழே இருக்கிறது என்பது ஒன்று. இன்னொன்று, ஆணாக இருப்பது. ஆணின் இடுப்பெலும்புக் கூடு குறுகல், சர்ஜனுக்கு உள்ளே வேலை செய்ய இடம் குறைவு. மலக்குடல் கேன்சருக்கு முன்கூட்டியே ரேடியேஷன் கொடுத்திருந்தாலும் ஆபத்து கூடும். அதற்காக ரேடியேஷனைத் தவிர்க்கக் கூடாது. கட்டி அதே இடத்தில் திரும்ப வராமல் தடுக்கவே அதைக் கொடுக்கிறார்கள்.

மாற்றக் கூடியவை புகை, மது, சத்துக்குறைவு, ரத்தசோகை, கட்டுப்படாத சர்க்கரை, அதிக உடல் எடை, தேவையில்லாமல் சாப்பிடும் ஸ்டீராய்டு. நல்ல சர்ஜனைத் தேடி அலையும் குடும்பம் இவற்றை எட்டிப் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், ஆறும் சக்தி இல்லாத குடலைத் தைத்து என்ன செய்ய முடியும்?

அப்பாவுக்கு 76 வயது. ஆபரேஷனைத் தாங்குவாரா?

வயதை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. அவர் வீட்டுக்குள் நடக்கிறாரா, ஒரு மாடிப்படி மூச்சு வாங்காமல் ஏறுகிறாரா, தானே குளிக்கிறாரா, கடந்த ஆறு மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தார் என்பதுதான் வயதைவிட நல்ல கணக்கு. விடியற்காலையில் ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகும் 76 வயதுக்காரர், நாற்காலியை விட்டு எழாத 55 வயதுக்காரரைவிட நன்றாக மீண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

தேதி வரை தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள், ஒரே மூச்சில் முடியாவிட்டால் மூன்று தடவையாக. இதயம், நுரையீரல், கிட்னி பிரச்சினை உள்ளவர் என்றால் மயக்க மருந்து டாக்டரைச் சீக்கிரமே பார்க்க வேண்டும், முந்தைய நாள் சாயங்காலம் அல்ல. இன்னொன்று, வயதானவர்களுக்கு ஆபரேஷன் முடிந்ததும் சில நாள் புத்தி தடுமாறலாம். கண்ணாடியும் காது மிஷினும் கையோடு இருக்கட்டும், பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரு நாளைக்கு நாலு பீடிதான். அதையும் விடணுமா?

விடணும். புகை ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, தைத்த இடத்துக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது. கசிவு, காயம் பழுத்தல், நிமோனியா மூன்றுக்கும் அது காரணம். குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்தினால் பலன் நன்றாகத் தெரியும். அவ்வளவு நாள் இல்லையென்றால் இருக்கிற நாளிலாவது நிறுத்துங்கள். மதுவும் அதே போலத்தான். ஆனால் தினமும் நிறையக் குடிக்கிறவர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரும். டாக்டரிடம் சொன்னால் அதற்கு மருந்து உண்டு. மனைவி முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியாகச் சொல்லுங்கள், நாங்கள் யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டோம்.

சர்க்கரை எவ்வளவு இருக்கலாம்?

எச்.பி.ஏ1சி என்ற மூன்று மாதச் சராசரி 8க்கு மேல் என்றால் பொதுவாக டாக்டர்கள் யோசிப்பார்கள். ஆனால் கேன்சர் கட்டியை வைத்துக்கொண்டு மூன்று மாதம் காத்திருக்க முடியாது. ஆகவே மாத்திரையை மாற்றியோ இன்சுலின் போட்டோ தினசரி அளவை இறக்குவார்கள். ஆபரேஷன் நாட்களில் 180க்குள் நிறுத்துவதுதான் இலக்கு. இன்சுலின் என்றதும், "ஆரம்பிச்சா விடவே முடியாது" என்று மறுக்க வேண்டாம். பலருக்கு ஆபரேஷனுக்குப் பின் நிறுத்திவிடுகிறார்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடி ஆபத்தாகிவிடும்.

ரத்தம் 8தான் இருக்கிறது. இரண்டு பாட்டில் ஏற்றிவிட்டால் சரியாகுமா?

வலது பக்கப் பெருங்குடலில் கட்டி இருந்தால் வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் ரத்தம் கசிந்து இரும்புச்சத்து வற்றிப்போயிருக்கும். 3, 4 வாரம் கையில் இருந்தால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதுதான் நல்ல வழி. ரத்தம் ஏற்றுவது உயிர் காக்கும் விஷயம், அவசரத்துக்குக் கண்டிப்பாக வேண்டும். ஆனால் ரத்தம் ஏற்றியவர்களுக்குத் தொற்று கொஞ்சம் கூடுதலாக வருவதால், தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பார்கள். எனவே, "ஏன் ரத்தம் ஏத்தல?" என்று சண்டை போடுவதற்கு முன், இரும்பு ஊசி போட நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

என்ன சாப்பிடக் கொடுப்பது?

நம்ம ஊர்ச் சாப்பாட்டிலேயே வழி இருக்கிறது, அளவுதான் தலைகீழாக இருக்கிறது. தட்டு நிறைய மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) ஓரத்தில் ஒரு துண்டு மீனும் வைக்கிறோம். மரச்சீனியில் மாவுச்சத்து மட்டும்தான், புரதம் இல்லையென்றே சொல்லலாம். காயத்தையும் குடலையும் ஆற்றுவது புரதம். பெரிய ஆபரேஷனுக்குத் தயாராகிறவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். 200 கிராம் மீனில் சுமார் 40 கிராம் கிடைக்கும், ஒரு முட்டையில் 6 கிராம். சாளையோ நெத்திலியோ அயிலையோ, விலை குறைந்த மீனே போதும். காரத்தைக் குறைத்துக் குழம்பு வையுங்கள். சைவம் என்றால் பருப்பு, தயிர், பால், பன்னீர். கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்ட பிறகே கூட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கட்டி குடலை அடைக்கும் நிலையில் இருந்தால் கீரை, வாழைத்தண்டு, தோலோடு பயறு இதெல்லாம் கொடுக்கக் கூடாது. "நார்ச்சத்து நல்லது" என்ற பொது அறிவுரை அப்போது பொருந்தாது.

ஆறு மாதத்தில் எடை 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தாலும், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் 3.5க்குக் கீழே இருந்தாலும் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். ஆபரேஷனை ஒன்றிரண்டு வாரம் தள்ளி வைத்து உடம்பைத் தேற்றுவதும் சிகிச்சைதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு, "மீனும் முட்டையும் கரப்பான் பண்டம், தின்னா புண் பழுக்கும்" என்று சொல்லி வெறும் கஞ்சித் தண்ணீரில் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. மாமியும் சித்தியும் பாசத்தில் சொல்வதுதான். ஆனாலும் டாக்டர் சாப்பிடலாம் என்று சொன்ன நாளிலிருந்து மீனும் முட்டையும் வேண்டும். புண்ணைப் பழுக்க வைப்பது கிருமியும் சர்க்கரையும், மீன் அல்ல.

நாட்டு மருந்து சாப்பிடுவதைச் சொன்னால் டாக்டர் கோபப்படுவாரே?

கோபப்பட்டாலும் சொல்லுங்கள். மூட்டு வலிக்கு என்று வாங்கும் சில பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. அது காயத்தை ஆறவிடாது. நாள்பட்டுச் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தினாலோ ரத்த அழுத்தம் இறங்கிவிடும். ஆஸ்பிரின், கிளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்துகளை நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. பெயர் ஞாபகம் இல்லையென்றால் அட்டையோடு, டப்பாவோடு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டு வாருங்கள். அதுவே எங்களுக்குப் போதும்.

தேதிக்குக் காத்திருக்கும்போது வலி வந்தால்?

வாயுவும் மோஷனும் நின்று, வயிறு உப்பி, வாந்தி எடுத்தால் குடல் அடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு அன்றே போக வேண்டும். அடைப்போடும் ஓட்டையோடும் அவசரமாகச் செய்யும் ஆபரேஷனில் சிக்கலும் உயிராபத்தும், தேதி வைத்துச் செய்வதைவிடப் பல மடங்கு. மோஷனில் ரத்தம் போவதை மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பும் கசாயமுமாகக் கழித்தவர்கள்தான் பெரும்பாலும் இந்த நிலையில் வருகிறார்கள். 40 வயதைத் தாண்டியவருக்கு மோஷனில் ரத்தம் போனால், மூலம் இருப்பது உறுதி என்றாலும், குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி தேவையா என்று கேட்டுவிட வேண்டும்.

கீ-ஹோல் நல்லதா, திறந்து செய்வது நல்லதா?

சிறு துளைகள் போட்டுச் செய்யும் கீ-ஹோலில் காயத் தொற்று குறைவு, வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். எல்லாக் கட்டிக்கும் அது பொருந்தாது. பாதியில் திறக்க வேண்டி வந்தால் அது தோல்வி அல்ல, பாதுகாப்புக்காக எடுத்த முடிவு.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது?

பெயர் சொல்லிப் பரிந்துரைப்பது என் வேலை இல்லை. இமயமலைக்கு 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் என்ற டாக்டர் நெய்யூரில் இருந்து வயிற்று ஆபரேஷன் செய்த மாவட்டம் இது. இன்று ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆகவே தூரமாகப் போனால்தான் நல்ல வைத்தியம் என்ற எண்ணம் தேவையில்லை. கேட்க வேண்டியவை வேறு. இந்தக் குறிப்பிட்ட ஆபரேஷனை இங்கே அடிக்கடி செய்கிறார்களா? ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் கிடைப்பாரா? ஐ.சி.யு. உண்டா? மலக்குடல் என்றால் இவை இன்னும் முக்கியம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை அங்கே எடுப்பார்களா என்பதையும் சேர்வதற்கு முன்பே கேளுங்கள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே நடக்க வைக்கிறார்களே, தையல் பிரியாதா?

பிரியாது. டென்மார்க்கில் ஹென்ரிக் கெலட் என்ற சர்ஜன் 1990களில் தொடங்கிய முறை இது. சீக்கிரம் எழுப்பு, சீக்கிரம் வாய்வழி கொடு, வீணாகப் பட்டினி போடாதே என்பதுதான் அதன் சாரம். நடந்தால் குடல் விழிக்கும், நுரையீரல் விரியும், காலில் ரத்தம் உறையாது. மூன்று பந்து உள்ள அந்த பிளாஸ்டிக் கருவியில் உறிஞ்சச் சொல்வோம். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை, பத்து மூச்சு. இருமும்போது ஒரு தலையணையைக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருமுங்கள், வலி பாதியாகத் தெரியும். வலிக்கும் என்று சளியை அடக்கிக்கொண்டே கிடந்தால் அதுதான் நிமோனியாவாகும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கால் வீங்கி வலிக்கிறது. வர்ம ஆசானிடம் தடவலாமா?

தடவவே கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் கால் வலி என்றால் எண்ணெயும் உழிச்சிலும்தான் முதல் யோசனை. கேன்சர் உள்ளவருக்கு, அதுவும் வயிற்று ஆபரேஷன் முடிந்தவருக்கு, கெண்டைக்கால் ஆழ ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அப்படி உறைந்ததை அழுத்தித் தேய்த்தால் அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றே டாப்ளர் ஸ்கேன். கூடவே மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். நல்ல ஆசானும் இந்த நிலையில் கை வைக்க மாட்டார், ஆபரேஷன் நடந்ததை மட்டும் அவரிடம் மறைக்காதீர்கள். வயிற்றில் போடும் ஹெப்பாரின் வகை ஊசியை 28 நாள் வரை போடச் சொல்லியிருந்தால், வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள். அதனால் சிக்கல் கூடுமா, குறையுமா?

கீழே இணைத்த இடத்துக்கு ஓய்வு கொடுக்கவே பல நேரம் தற்காலிகமாகச் சிறுகுடலை வெளியே எடுத்துப் பை வைக்கிறார்கள். கசிவு வந்தாலும் அது உயிருக்கு ஆபத்தாகப் போகாமல் காப்பாற்றும். அதற்கு விலையும் உண்டு. உடம்பின் நீரும் உப்பும் பை வழியே போய்விடும். பையில் விழுவது ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அதிகம். தலைசுற்றல், நாக்கு வறட்சி, சிறுநீர் குறைதல் வரும், கிட்னி பாதிக்கும். தாகத்துக்கு வெறும் தண்ணீரும் இளநீரும் குடித்துக்கொண்டே இருந்தால் பையில் விழுவது கூடத்தான் செய்யும். இளநீரில் சோடியம் குறைவு. ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடியுங்கள், உப்புப் போட்ட கெட்டிக் கஞ்சி நல்லது. பையைக் காலி செய்யும்போது அளந்து எழுதி வையுங்கள், முதல் மாதமாவது.

சிக்கல் வந்தால் கேன்சர் திரும்பி வருமா?

நேரடியாக அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் கீமோ தேவைப்படுகிறவருக்கு அதை 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. காயமும் கசிவும் இழுத்தடித்தால் அந்த நாள் தள்ளிப்போகும். மலக்குடலில் பெரிய கசிவு வந்தவர்களுக்கு அதே இடத்தில் கட்டி திரும்பும் வாய்ப்பு சற்றுக் கூடுதலாக இருப்பதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால்தான் முன்னெச்சரிக்கைக்கு இவ்வளவு பாடு.

ஆபரேஷன் திருவனந்தபுரத்தில், வீடு மார்த்தாண்டம் பக்கம். ராத்திரி காய்ச்சல் வந்தால் எங்கே போவது?

டிஸ்சார்ஜ் ஆகும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எந்த நம்பரில் கூப்பிடுவது, யாரிடம் பேசுவது என்பது தெளிவாக இருக்க வேண்டும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 100.4க்கு மேல் போனாலோ, வயிற்று வலி கூடிக்கொண்டே போனாலோ, காயத்தில் சிவப்பும் சீழும் கண்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ முதலில் அந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள். அந்த நம்பரில் யாரும் கிடைக்கவில்லை என்றாலும், நாடி வேகமாக, ஆள் வாடிப்போய் இருந்தாலும், பக்கத்தில் 24 மணி நேரமும் சர்ஜன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். களியக்காவிளை எல்லை தாண்டிப் போவதா வேண்டாமா என்று வீட்டில் கூடிப் பேசிக்கொண்டிருக்கிற நேரம் அது இல்லை. மெடிக்கல் ஸ்டோரில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்து இரண்டு நாள் பார்ப்பதும் வேண்டாம். காய்ச்சல் தணிந்த மாதிரி காட்டி, உள்ளே கசிவை மறைத்துவிடும்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் நோட், கடைசி ஸ்கேன், மருந்துப் பட்டியல் நான்கும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். போனில் படம் எடுத்தும் வையுங்கள். எந்த இடத்தில் வெட்டினார்கள், எங்கே இணைத்தார்கள் என்று புது டாக்டருக்குத் தெரிந்தால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.